முள் பூஜ்யத்தில் கிடந்த விஜயதசமி

1

விஜயதசமி அன்று காலை எங்கள் ஆய்வகத்தின் குளிர் அறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது குங்குமம்தான். அழுத்தமானியின் வட்டக் கண்ணாடியில் சந்தனம் தடவி, நடுவில் அழகாகப் பொட்டு வைத்திருந்தது. பொட்டுக்குப் பின்னால் முள் பூஜ்யத்தில் கிடந்தது. முந்தின நாள் மத்தியானம் நான் பார்த்தபோது அது முன்னூறில் நின்றது.

கருவிதான் பழுதோ என்று நகத்தால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். பிறகு வால்வைத் தொட்டேன். திறந்திருந்தது. அடியில் வைத்த தட்டில் நாலு சொட்டுத் தண்ணீர். இவ்வளவு அழுத்தம் விடுபட்டால் வெடித்திருக்குமே என்று நினைப்பீர்கள். காற்றை அமுக்கி வைத்தால்தான் அந்த ஆபத்து. தண்ணீரை அமுக்கி வைத்தால், திறக்கும்போது மெல்ல ஒரு "புஸ்", அவ்வளவுதான்.

இந்த சரஸ்வதி பூஜையோடு நான் மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கோவில்பட்டிக்காரி. வீடு சுங்கை பட்டாணியில். வேலை செமிலிங் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், நுண்ணுயிரியல். ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், "மலேசியாவுல கிருமி வளக்கா" என்று என் அத்தை சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை.

இப்போது வளர்ப்பது ஆழ்கடல் கிருமி. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், நம் தலைக்கு மேல் உள்ள மொத்தக் காற்றும் தருகிற அளவுக்கு இன்னொரு பங்கு பாரம் கூடுகிறது. முன்னூறு பங்கு என்றால் மூவாயிரம் மீட்டர் ஆழம். செமிலிங்கில் எங்கே நின்றாலும் தெரிகிற ஜெராய் மலையை இரண்டரை மடங்கு உயர்த்தி, அந்த உயரத்துக்குத் தண்ணீரை நிரப்பி, அதன் அடியில் போய் உட்கார வேண்டும். கட்டைவிரல் நகத்தின்மேல் மட்டும் முன்னூறு கிலோ. அந்த ஆழத்துச் சேற்றிலிருந்து ஜப்பானில் ஒரு குழு எடுத்து வளர்த்த பாக்டீரியா இது. இங்கே கொண்டுவர அனுமதி வாங்க எட்டு மாதம் ஆனது. எனக்கே அதைவிடச் சீக்கிரம் விசா கிடைத்தது.

அதை வைத்திருக்கத் தடித்த எஃகு உருளை ஒன்றை வேறோர் ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கியிருந்தோம். பார்த்தால் ரொட்டி டின் அளவுதான். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவைக் காற்றுக் குமிழி இல்லாமல் சின்னப் பைகளில் அடைத்து, உருளைக்குள் போட்டு, தண்ணீர் நிரப்பி மூடி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். வாரம் ஒருமுறை நாங்களே திறப்போம். பழைய பையிலிருந்து ஒரு துளியைப் புதுப் பைகளுக்கு மாற்றி, போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி வைப்போம். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்படி ஏழு வாரம் படிப்படியாக ஏற்றி முன்னூறுக்குக் கொண்டுவந்ததுதான் இருபது மணி நேரம் திறந்து கிடந்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் உருளையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை.

2

திறந்தது பரமு அக்கா. பரமேஸ்வரி என்பது முழுப்பெயர். ஐம்பத்திரண்டு வயது. செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஷிப்ட் வேலை பார்த்து, ஆள் குறைப்பில் வெளியே வந்தவர். எங்கள் ஆய்வகத்தில் உதவியாளர், ஆனால் கல்லூரியின் ஆள் இல்லை. காண்ட்ராக்டர் அனுப்பும் ஆள். ஜனவரியில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பம்ப் அடிப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவர். முள்ளை ஒரு கோடு தாண்டவிட மாட்டார்.

"பசியாறியாச்சா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் கேட்பார்கள். வந்த புதிதில் யாரோ என்னைப் பட்டினி கிடப்பவள் என்று நினைத்துவிட்டார்களோ என்று கூசிப் போயிருக்கிறேன்.

நான் முள்ளைக் காட்டினேன்.

"ஆமா டீச்சர், நான்தான் தொறந்தேன். எல்லா மெஷினையும் நிப்பாட்டி, தொடச்சி, பொட்டு வெச்சேன். இது ஒண்ணு மட்டும் பாரத்த தூக்கிக்கிட்டு நிக்கிது. பார்க்க கெசியானா இருந்திச்சி லா. நல்ல நாள் அதுவுமா அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டுமேன்னு…"

கெசியான் என்பது மலாய். பாவம் என்று பொருள்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "படிச்சவங்க கை வைக்க வேண்டிய இடத்துல நீங்க எதுக்குக்கா கை வச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஏழு வாரமாக அந்த பம்பை அடித்த கை அவருடையது. சொல்லி முடிக்கும்போதே அது எனக்கு உறைத்தது, ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பரமு அக்கா சண்டைக்கு வரவில்லை. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, உங்கப்பா மில்லு பெல்ட்ட எல்லாம் கழட்டி விட்ருவாருன்னு," என்றார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். அப்போது அது என் காதில் ஏறவில்லை.

துறைத் தலைவரிடம் சொன்னேன். அலோர் ஸ்டாரைச் சேர்ந்த சீனர். சத்தம் போடத் தெரியாதவர், அதனாலேயே அதிகம் பயம். இரவல் பொருள் சம்பந்தப்பட்டது, திங்கட்கிழமைக்குள் எழுத்தில் அறிக்கை வேண்டும் என்றார். கதவருகே போனதும், "காரணமானவர் பெயரோடு," என்று சேர்த்துக்கொண்டார்.

3

திரும்பி வந்தபோது பரமு அக்கா உருளை முன்னால் நின்றுகொண்டிருந்தார். "செத்துப் போச்சா டீச்சர்?"

"தெரியலக்கா."

"உங்களுக்கே தெரியாதா?"

உண்மையிலேயே தெரியாது. அந்தக் கேள்விதான் என் கோபத்தை இறக்கியது. இருபது மணி நேரத்தில் அவற்றுக்கு என்ன ஆகியிருக்கும்? இப்படித் திறந்து போட்டுப் பார்க்க எனக்கு ஒருநாளும் துணிச்சல் வந்திருக்காது. திறந்தாகிவிட்டது, பார்த்துவிட வேண்டியதுதான்.

ஒரு பையைக் கொழுப்புப் பரிசோதனைக்கு எடுத்து வைத்தேன். இன்னொன்றிலிருந்து ஒவ்வொரு துளியாக எடுத்துப் புதுப் பைகளில் போட்டேன். உயிர் இருந்தால் புதுப் பைகள் கலங்கும், இல்லாவிட்டால் தெளிவாகவே இருக்கும். வழக்கமாக ஏழு நாள் போதும். இந்த முறை பத்து நாள் கொடுக்க முடிவு செய்தேன். பரமு அக்கா பம்ப் அடித்தார். முள் மறுபடி முன்னூறுக்கு ஏறியது.

"கொழுப்புல என்னா பாப்பீங்க?" என்றார். ஏழு வாரமாக அவருக்கு நான் இதைச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுத் தலைவிரி கோலமாகக் காத்திருப்போம். கெடாவில் அந்தத் தொல்லை இல்லை. பதினான்கு வருடத்தில் என் வீட்டில் எண்ணெய் உறைந்தது என் மகளின் ஏர்கான் அறையில் மட்டும்தான். ஆனால் எந்தக் குளிரிலும் நல்லெண்ணெய் அப்படிக் கட்டியாவதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு வால்கள் நேரானவை, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் பெரும்பாலானவை நடுவில் வளைந்தவை, ஒன்றோடொன்று ஒட்ட முடியாது.

பாக்டீரியாவின் மேல்தோலும் கொழுப்புதான், இரண்டு வரிசையாக அடுக்கிய மெல்லிய சவ்வு. அது எண்ணெய்போல இளகி இருந்தால்தான் சாப்பாடு உள்ளே போகும், கழிவு வெளியே வரும். குளிர் உறைய வைப்பதுபோலவே அழுத்தமும் உறைய வைக்கும். ஆழ்கடலில் குளிர், அழுத்தம் இரண்டும் உண்டு. நம் மேற்பரப்புக் கிருமியை அங்கே இறக்கினால் அதன் தோல் உறைந்த தேங்காய் எண்ணெயாகிவிடும். ஆழ்கடல் கிருமி என்ன செய்கிறது என்றால், தன் தோலில் வளைந்த கொழுப்பைக் கூட்டிக்கொள்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

பரமு அக்கா இதைக் கேட்டுவிட்டு இரண்டு முழங்கைகளையும் மடக்கி விலாவுக்கு முன்னால் வைத்துக் காட்டினார். "கூலிம் போற பஸ்ல நாங்க இப்பிடித்தான் நிப்போம் டீச்சர். கைய தொங்க விட்டு நேரா நின்னா அமுக்கி சப்பையாக்கிருவானுங்க. மொழங்கைய மடக்கிக்கிட்டா மூச்சு விட எடம் இருக்கும்."

இருபது வருடமாக வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறேன். இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"அப்ப பஸ்ஸ விட்டு எறங்கிட்டா?" என்றார்.

இறங்கிவிட்டால் சிக்கல்தான். பாரத்துக்காக இளக்கிக்கொண்ட தோல், பாரம் போனதும் அளவுக்கு மீறி இளகிவிடும், ஒழுக ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்ய அது நேர்க் கொழுப்பைக் கூட்ட வேண்டும். அதற்குள் செத்துவிடாமல் இருக்க வேண்டும். எல்லா ஆழ்கடல் கிருமிகளும் இதே வழியில்தான் போகின்றன என்றும் சொல்ல முடியாது. சிலவற்றில் புரதங்களும் மாறுகின்றன, இன்னும் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை.

புலம்பெயர்ந்த ஒருத்தி இதை எழுதினால் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் அதை எழுதப் போவதில்லை. பாக்டீரியாவுக்கு ஊர் ஞாபகம் கிடையாது. என்னை அசைத்தது வேறு. பாரம் ஏறினால் கெட்டிப்பட வேண்டும் என்றுதான் நான் என்னையே நடத்தி வந்திருக்கிறேன். இந்தத் துளியூண்டு உயிர் நேர் எதிராகச் செய்கிறது.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறிக்கைப் படிவத்தை, இங்கே சொல்வதுபோல் போராங்கை, சாப்பாட்டு மேசையில் விரித்தேன். எல்லாம் மலாயில். பேச்சு மலாய் எனக்கு வரும், அலுவலக மலாய் இன்றும் வராது. அதற்கு என் மகள் தாரணிதான் ஆள்.

தாரணி நான்காம் படிவம் படிக்கிறாள், நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு, பதினாறு வயது. அடுத்த வருடம் பள்ளியிறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். அதில் தமிழை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. அவள் அப்பாவுக்குக் கூலிமில் இருந்த வேலை போய் இரண்டு வருடம் ஆகிறது, இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். பரீட்சை முடியும்வரை இவள் இங்கே இருப்பது என் வேலை பாஸோடு, அதாவது வேலை அனுமதியோடு, ஒட்டிக்கொண்டு. அந்த பாஸை டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

"மா, இங்க ஒரு கோலம் இருக்கு," என்றாள். கட்டத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். "யாரு காரணம்னு பேரு போடணும். யாரு பேரு?"

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பரமு அக்கா பெயரை எழுதினால் காண்ட்ராக்டர் ஒரு வார்த்தை கேட்க மாட்டான், மறுநாள் வேறு ஆள் வந்து நிற்கும். ஜனவரிப் பேச்சும் அதோடு போகும். அக்காவே வெள்ளிக்கிழமை வந்து, "எம் பேரையே போட்ருங்க டீச்சர், நான்தானே தொறந்தேன், உங்களுக்கு சுசா வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுசா என்றால் கஷ்டம். எழுதுவதற்கு அனுமதியே கிடைத்தாயிற்று. நான் எழுதியிருந்தால் யாரும் என்னைத் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அக்கா ஏன் தொறந்தாங்க?" என்றாள் தாரணி.

"ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு ஓய்வு குடுக்கணும்னு."

"அது தாத்தா கதை இல்ல? பெல்ட்டு கதை?"

கோவில்பட்டியில் என் அப்பா மாவு மில் வைத்திருந்தார். சரஸ்வதி பூஜை அன்று மெஷினை நிறுத்துவதோடு விட மாட்டார். சக்கரங்களிலிருந்து பெல்ட்டுகளைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஓடாவிட்டாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் அதற்கு என்ன ஓய்வு என்பார். இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் வருடம், எனக்குத்தான் மனசு கேட்காமல் ஆய்வகத்தில் பூஜையைத் தொடங்கினேன். இங்கே லாரிக்கும் காடிக்கும், அதாவது காருக்கும், பூஜை போடுவார்கள், ஆய்வகத்தில் யாரும் போட்டதில்லை. பரமு அக்காவை நிற்க வைத்து நான்தான் சட்டம் போட்டேன். எதையும் ஓட்டக் கூடாது, எதிலும் இழுப்பு இருக்கக் கூடாது, ஃப்ரிட்ஜும் குளிர் அறையும் மட்டும் விதிவிலக்கு. பெல்ட்டு கதையை வருடா வருடம் சொன்னேன். இந்த வருடம் உருளை வந்தது. விதிவிலக்கில் அதைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. அக்கா நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்.

"நீங்கதானே மா சொல்லிக் குடுத்தீங்க," என்றாள் தாரணி.

"என் பேரு போட்டா பாஸ் என்ன ஆகும்னு தெரியாதுடி. புதுப்பிக்காம விட்டா நீ பரீட்சை எழுதாமக் கிளம்பணும்."

"அந்த எஸ்.பி.எம்.ம அங்க எழுத முடியாதுல்ல?"

"முடியாது."

அவள் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அந்தக் கட்டத்தில் பெரிய எழுத்தில் என் பெயரை எழுதினாள். அதோடு விடவில்லை. இந்த நாட்டு வழக்கப்படி, பெயருக்குப் பக்கத்தில் "இன்னாரின் மகள்" என்று குறிக்கும் இரண்டெழுத்தைப் போட்டு, என் அப்பாவின் பெயரையும் எழுதி முடித்தாள். கோமதி, சண்முகவேலின் மகள். ஒருநாளும் கோவில்பட்டியைத் தாண்டாத மனிதர், கெடாவில் ஒரு கல்லூரிப் படிவத்தில் விபத்துக்குக் காரணமானவர்கள் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுதுவிட்டேன்.

"இனிமே நடக்காம இருக்க என்ன பண்ணுவீங்கன்னு கேக்குது," என்றாள். "'அம்மா கதை சொல்ல மாட்டாங்க'ன்னு போட்டுரவா?"

தமிழ் எடுக்காததற்காக அவள்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னும் எனக்கு வருத்தம்தான். ஆனால் கோபம் இல்லை.

5

திங்கட்கிழமை துறைத் தலைவர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "மெஷினுக்கு விடுமுறையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்கள் அப்பாவின் பெல்ட்டுகள் நிறைய நாள் உழைத்தனவா?" என்றார். உழைத்தன என்றேன். படிவத்தைக் கோப்பில் சொருகினார். பரமு அக்காவைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் பாஸ் போன வாரம் வந்தது. எப்போதும் இரண்டு வருடம் தருவார்கள், இந்த முறை ஒரு வருடம்தான். ஏன் என்று கேட்டேன், முறை அப்படி என்றார்கள். படிவத்தால்தானா என்பது எனக்குத் தெரியப் போவதில்லை. தாரணி காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தாள். அவளுடைய கடைசிப் பரீட்சைக்கும் பாஸ் முடிவதற்கும் நடுவில் பதினொரு நாள் இருக்கிறது. "போதும் மா," என்றாள்.

இதை முதலில் சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் நடந்ததைச் சொல்லாமல் எழுந்திருக்க மனமில்லை.

அதற்கு முன்பே பரிசோதனைத் தாள் வந்திருந்தது. திறந்து கிடந்த அந்த இருபது மணி நேரத்தில் வளைந்த கொழுப்பு கொஞ்சம் குறைந்து, நேர்க் கொழுப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரே ஒரு பையை வைத்துக்கொண்டு எதையும் சாதிக்கக் கூடாது, நான் சாதிக்கவும் இல்லை. ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்படியானால் அவை சும்மா ஒழுகிக்கொண்டு கிடக்கவில்லை. பாரம் போனதைத் தெரிந்துகொண்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கியிருக்கின்றன. தொடங்கியது முடிந்ததா, பிழைத்தனவா என்பது மட்டும் உருளைக்குள் இருந்தது. எஃகுக்குள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. பார்க்க வேண்டுமானால் மறுபடி பாரத்தை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பத்தாம் நாள் காலை நானும் பரமு அக்காவும் குளிர் அறைக்குப் போனோம். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை அக்கா துடைக்கவும் இல்லை, நான் துடைக்கச் சொல்லவும் இல்லை. வால்வைத் திறக்கச் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே தொறங்க டீச்சர். எனக்கு வேணாம்."

"அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா," என்றேன். "இந்த உருளையில கை வைக்க உங்களவிட யாருக்கும் தகுதி இல்ல. தொறங்க."

அக்கா என்னைப் பார்த்தார். வால்வைத் திருகினார். புஸ். முள் இறங்கியது. மூடியைக் கழற்றி, இடுக்கியால் ஒரு பையை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்தேன்.

பையில் அரிசி கழுவிய தண்ணீர்போல ஒரு கலங்கல். மெலிசாக, ஆனால் கலங்கல்தான். அடுத்த பையும், அதற்கடுத்ததும் அப்படியே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆய்வு பிழைத்ததற்காக மட்டும் இல்லை.

"அக்கா, பாருங்க. உசுரோட இருக்கு."

பரமு அக்கா ஒரு வினாடிதான் பார்த்தார். அதற்குள் அவர் கை பம்ப் பிடியில் இருந்தது.

"பாத்தது போதும் டீச்சர், சீக்கிரம் உள்ள போட்டு மூடுங்க. கெசியான் லா. பாரம் இல்லாம அதுங்களுக்கு மூச்சு முட்டும்."